கரடி என்று நான் சொன்ன காயம்

மகனே, இதை ஒருவருக்கும் காட்டாதே. உன் மனைவிக்கும் காட்டாதே, நண்பனுக்கும் காட்டாதே, உனக்கு அப்பாவாக வரப்போகிறவர் யாரோ, அவருக்கும் காட்டாதே. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். எனக்கு இப்போது பதினைந்து வயது. நீ பிறக்க இன்னும் எத்தனையோ வருடம் இருக்கிறது. பிறப்பாயா என்பதே தெரியாது. ஆனால் உயிரோடு இருக்கிற எவருக்கு எழுதினாலும் அவர் இன்னொருவரிடம் சொல்லிவிடுவார். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நீ இதை வாசிக்கும்போது உனக்குப் பத்தொன்பது வயதாவது ஆகியிருக்க வேண்டும். இன்று உன் மாமாவுக்கு, என் அண்ணாவுக்கு, அந்த வயது. அவன் தலையில் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். நாளை காலை ஒன்பது மணிக்கு அங்கே ஒரு பெண், ஆஸ்பத்திரியின் சமூக சேவகி, என்னைத் தனியே இருத்தி, அந்தக் காயம் எப்படி வந்தது என்று கேட்கப்போகிறாள். ஏற்கெனவே நான் ஒரு பதில் சொல்லிவிட்டேன். அது பொய்.

பிரெஞ்சில் எழுதுவது எனக்குச் சுலபம். ஆனால் அந்தப் பொய்யை நான் பிரெஞ்சில்தான் சொன்னேன், அதனால் அந்த மொழியில் பேனா ஓடவில்லை. சனிக்கிழமைகளில் மாதா கோயில் மண்டபத்தில் ரீச்சரிடம் ஏச்சு வாங்கிப் படித்த தமிழில் எழுதுகிறேன். இதில் ஒரு ஆபத்து உண்டு. என் பிரெஞ்சை அப்பாவால் வாசிக்க முடியாது. என் தமிழை வாசிப்பார். ஆகவே அண்ணாவின் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் உட்கார்ந்து, அவனுடைய நெற்றி விளக்கின் மேல் ஒரு காலுறையை மாட்டி, அந்த மங்கல் வெளிச்சத்தில் எழுதுகிறேன். மொன்றியலில், வில்லரேயில், எங்கள் வீடு இரண்டாம் மாடியில் இருக்கிறது. அம்மா ஆஸ்பத்திரியில் அண்ணாவோடு இருக்கிறாள். வீட்டில் அப்பாவும் நானும்தான். டவுன்டவுனில் அவர் சமைக்கிற உணவகத்துக்கு இந்தக் கிழமை லீவு சொல்லிவிட்டார். கூடத்தில் ரீவியைச் சத்தமில்லாமல் போட்டுவிட்டு முழித்திருக்கிறார். அவர் இருமும்போதெல்லாம் நான் விளக்கை அணைக்கிறேன்.

நாங்கள் வருடத்துக்கு ஒரு முறை, ஓகஸ்டில், காட்டுக்குப் போவோம். இலக்கம் போட்ட இடமும் குழாய்த் தண்ணீரும் குளியலறையும் உள்ள முகாம்களுக்கு அல்ல. வடக்கே நாலு மணி நேரம் ஓடி, தார் றோட்டு முடிந்து, மரம் ஏற்றும் லொறிகள் போகிற மண் பாதையில் இன்னும் ஒரு மணி நேரம் குலுங்கினால் ஒரு ஏரி வரும். அரசாங்கக் காணி. யாரும் போய்க் கூடாரம் அடிக்கலாம், ஒருவரிடமும் கேட்கத் தேவையில்லை. கழிப்பறை இல்லை, குப்பைத் தொட்டி இல்லை, போனில் சிக்னல் ஒரு கோடுகூட வராது. அப்பாவுக்கு அந்த இடம் என்றால் உயிர். "பார்க்கில போய் டென்ற் அடிக்கிறதும் அப்பார்ட்மென்ரில இருக்கிறதும் ஒண்டுதான். பக்கத்து வீட்டுக்காரன் குறட்டை விடுறதும் கேக்கும். இஞ்ச பார், ஒருத்தனும் பேர் கேக்கமாட்டான், கடுதாசி கேக்கமாட்டான்" என்பார். முதல் வருடம் அவரே குழி வெட்டி, அதைச் சுற்றிக் கட்டில் விரிப்பு ஒன்றைக் கட்டி, "மகாராணி, சிம்மாசனம் ரெடி!" என்று என்னைக் கூப்பிட்டார். நான் வயிறு நோகச் சிரித்தேன். அந்த வருடம் வந்த அம்மா, நுளம்புக்கடியில் முகம் வீங்கி, "இனி என்ரை பிரேதம்தான் இந்தக் காட்டுக்கு வரும்" என்று சொல்லிவிட்டு அதன்பின் வரவேயில்லை. அப்பாவை எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்த ஏரிக்கரை. வீட்டில் கேட்காத பாட்டெல்லாம் அங்கே பாடுவார். இதையும் நீ தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏன் அவருக்காகப் பொய் சொன்னேன் என்று உனக்கு விளங்காது.

அப்பா அடிப்பார் என்பது எங்கள் வீட்டில் புதினம் இல்லை. இடுப்புப் பட்டியால் அடிப்பார், அகப்பைக் காம்பால் அடிப்பார், ஒருமுறை இஸ்திரிப் பெட்டியின் வயரால் அடித்தார். ஆனால் நான் அடி வாங்காத பிள்ளை. ஏன் என்று நீ கேட்க வேண்டும். அப்பா என் பக்கம் திரும்பும்போது அண்ணா எதையாவது கீழே போடுவான். ஒரு கோப்பை, ஒரு கரண்டி. அல்லது சும்மா, "உங்களுக்கு வேற வேலை இல்லையே?" என்று ஒரு சொல் விடுவான். அப்பா அவன் பக்கம் திரும்பிவிடுவார். பல வருடம் நான் அண்ணாவைக் கவனமில்லாதவன் என்றே நினைத்திருந்தேன். கோப்பைகள் தற்செயலாக விழவில்லை என்று விளங்கியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. விளங்கிய பிறகும் நான் ஒன்றும் செய்யவில்லை, மகனே. விழுகிற கோப்பைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

காட்டுக்குப் போவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது: பங்கு ஆடு. ஊர்ப் பழக்கம். நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு ஆட்டை அடித்து, கூறு போட்டுப் பிரித்துக்கொள்வது. மொன்றியலில் வீட்டுப் பின்வளவில் அதைச் செய்ய முடியுமா? பொலிஸ் வந்துவிடும். அப்பாதான் வழி கண்டுபிடித்தார். போகிற வழியில் ஒரு பண்ணையில் உயிர் ஆடு வாங்கி, அவருடைய சிநேகிதர் அன்ரன் அங்கிளின் வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு போய், ஏரிக்கரையில் வெட்டுவார்கள். நீலப் படங்கை விரித்து, அதன்மேல் ஆறு குவியல். ஒவ்வொரு குவியலிலும் சமமாகத் தொடை, விலா, எலும்பு, ஒரு துண்டு ஈரல். ஒருத்தருக்குக் கூடி ஒருத்தருக்குக் குறைந்தால் மானம் போய்விடும் என்று அப்பா திரும்பத் திரும்ப மாற்றி வைப்பார். ஞாயிறு பின்னேரம் வில்லரேயிலும் நோத்ர-டாம்-த-கிரேஸிலும் சட்டிகளோடு ஆட்கள் காத்திருப்பார்கள். உணவகத்தில் எல்லாரும் அவரை அதிகாரம்தான் பண்ணுவார்கள். இந்த ஒரு நாளில் மட்டும் ஆறு வீட்டுக்காரர் அவர் வரவைப் பார்த்து வாசலில் நிற்பார்கள்.

இந்த வருடம் அண்ணா ஆட்டின் காலைப் பிடிக்கமாட்டேன் என்றான். போன குளிர்காலத்தில் கல்லூரி நண்பர்களோடு காட்டில் தங்கப் பழகியிருந்தான். கயிறும் கப்பியும் கொண்டுவந்திருந்தான். "அப்பா, இரத்தம் மணந்தால் கரடி வரும். படுக்கிற இடத்தில சமைக்கவே கூடாது, நீங்கள் வெட்டப் போறியள்" என்றான்.

"வரட்டுமன். அதுக்கும் ஒரு கூறு வைப்பம்" என்றார் அப்பா.

"ஈரல் குடுக்கேலாது எண்டு சொல்லிப்போடு!" என்று அன்ரன் அங்கிள் சேர்ந்து சிரித்தார்.

"பகிடி இல்லை அங்கிள்."

"பகிடி விடுறது நீதான்ரா. காட்டுக்குள்ள படுத்து எழும்பினவனுக்குக் காடு படிப்பிக்க வந்திட்டார் துரை. பயமெண்டால் வண்டிக்குள்ள போய் இரு. நீ வா பிள்ளை, நீ வந்து பிடி" என்றார் அப்பா.

நான் போனேன். இது என் முதல் பிழை. பின்னங்கால் இரண்டையும் சேர்த்துப் பிடித்தேன். அது சூடாக இருந்தது. அங்கிள் தலையைப் பின்னுக்கு இழுக்க, அப்பா கத்தியை ஓட்டினார். முதல் இழுப்பில் போகவில்லை. இரண்டாம் இழுப்பில் இரத்தம் என் சப்பாத்துவரை பீறிட்டது. கால்கள் என் கைக்குள் ஓடின. நிலத்தில் ஓடவேண்டிய ஓட்டமெல்லாம் என் கைக்குள் ஓடி முடிந்தது. அப்பா என் தலையைத் தடவி, "இவள்தான் என்ரை பிள்ளை" என்றார். அண்ணா கேட்கும்படி சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

குடலையும் தோலையும் தலையையும் தூரத்தில் ஆழமாகப் புதைக்க வேண்டும் என்று அண்ணா மண்வெட்டியோடு நின்றான். மரவேர் தோண்ட விடவில்லை என்று அப்பா எல்லாவற்றையும் கூடாரத்திலிருந்து நாற்பதடி தள்ளி ஒரு பாறை வெடிப்புக்குள் எறிந்து, மேலே பாசியைப் பரப்பினார். பாணையும் பிஸ்கற்றையும் அண்ணா கயிற்றில் கட்டி உயரக் கிளையில் தூக்கினான். இறைச்சி இருந்த இரண்டு ஐஸ் பெட்டிகளையும் தூக்க அப்பா விடவில்லை. "ஆகாயத்தில தொங்குறதுக்கு இது என்ன தேர்த் திருவிழாவே?" என்று கேட்டு, சமையல் படங்குக்குக் கீழே வைத்தார். இரவு ஆட்டு இரத்தத்தை வறுத்த வறையும் பாணும் தின்று, பாடிவிட்டு, படுத்தோம்.

விடியும் நேரத்தில் அது வந்தது. பாறைப் பக்கம் எலும்பு நொறுங்குகிற சத்தத்தில் நான் முழித்தேன். பிறகு சட்டி உருண்டது. கூடாரத் துணியில் அதன் நிழல் விழவில்லை. மூச்சுத்தான் கேட்டது, ஒரு பெரிய மனிதன் மலை ஏறி வந்து நிற்பதுபோல. அண்ணா என் வாயைப் பொத்தி, கூடாரத்தின் பின்பக்கச் சிப்பைத் திறந்து, என்னை வண்டிக்குள் தள்ளினான். அப்பா ஒரு கையில் சட்டி மூடியும் மற்றக் கையில் கோடாலியுமாக வெளியே பாய்ந்தார். தூஷணத்தில் கத்திக்கொண்டு மூடியைக் கோடாலியால் அடித்தார். அண்ணா வண்டிக் கோர்னை விடாமல் அமத்தினான். கறுப்புக் கரடி. அது அப்பாவைப் பார்த்தது, வாயிலிருந்ததைக் கீழே போட்டது, திரும்பி நடந்து மரங்களுக்குள் போய்விட்டது. நன்றாகக் கேள், மகனே. அது ஒருவரையும் தொடவில்லை. ஒரு நகம்கூட ஒருவரிலும் படவில்லை.

வெளிச்சம் வந்ததும் அப்பா ஒரு வீரனைப் போல் பல் தீட்டினார். அண்ணா கூடாரத்தைக் கழற்றத் தொடங்கினான். "அது திரும்பி வரும். இறைச்சி இருக்கிற மட்டும் வரும். இப்பவே வெளிக்கிடுவம், இல்லாட்டி இறைச்சியை எறிவம்" என்றான். "விசர்க் கதை கதைக்காதை. மத்தியானம் சாப்பிட்டுத்தான் போறது" என்று சொல்லிவிட்டு அப்பா விறகு கொத்தப் போனார். நான் மரக்குற்றியில் இருந்தேன். பாறைப் பக்கம் ஒரு கிளை முறிந்தாலும் எழும்பி எழும்பி நின்றேன். அண்ணா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு இரண்டு பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய், ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருந்த கல்லில் ஏறி, ஆறு வீட்டுக் கூறுகளையும் பை பையாக வெட்டி ஆழத்தில் கொட்டினான்.

அப்பா விறகோடு வந்து, "பெட்டி எங்க?" என்று கேட்டார். அங்கிள் தெரியாது என்றார். என்னைப் பார்த்தார். நான் ஏரியைக் காட்டினேன். ஒரு விரலால். அது என் இரண்டாம் பிழை.

அண்ணா கல்லிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தான். "எறிஞ்சிட்டன். தங்கச்சி பயப்படுறாள்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அப்பா, "ஆறு வீட்டுக்கு நான் என்ன சொல்லுவன்? ஆறு வீட்டுக்கு நான் என்னடா சொல்லுவன்?" என்று கேட்டார். கையில் கோடாலி இருந்தது. முதல் அடி தோளில். காம்பால். அண்ணா கையை உயர்த்தினான். இரண்டாவது அந்தக் கையில். காய்ந்த கொம்பு முறிகிற சத்தம் கேட்டது. மூன்றாவது அடிக்கு அப்பா கோடாலியைத் திருப்பினாரா, அது தானாகத் திரும்பியதா என்று எனக்குத் தெரியாது. அதன் பின்பக்கம், மொட்டை இரும்பு, அண்ணாவின் காதுக்கு மேலே இறங்கியது. அவன் கத்தவில்லை. முழங்காலில் விழுந்து, பிறகு பக்கவாட்டில் சரிந்தான். ஒரு கண் திறந்திருந்தது. அப்பா இன்னொரு முறை ஓங்கினார். ஓங்கியபடியே நின்றார். நான் கத்திக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே கேட்டது. அங்கிள் தண்ணீர் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து பின்னாலிருந்து அவரைக் கட்டிப் பிடித்தார்.

எந்தப் பக்கத்துக் கூடாரத்தில் போய் உதவி கேட்பது? எங்களுக்குப் பக்கம் என்று ஒன்று இல்லை. போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நான் அங்கும் இங்கும் ஓடினேன். ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்று அப்பா சந்தோசப்பட்ட இடம் அது. அண்ணாவை நீலப் படங்கில் தூக்கிப் போட்டு, வண்டியில் ஆடு நின்ற இடத்தில் கிடத்தினோம். மண் பாதையின் ஒவ்வொரு பள்ளத்திலும் அவன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தலையை என் மடியில் பிடித்திருந்தேன். விரல்களுக்கு இடையால் இரத்தம் கசிந்தது. தார் றோட்டு வந்ததும் அப்பா முன்னிருந்து திரும்பாமல் சொன்னார். "கரடி அடிச்சது. விளங்குதே? விடிய வந்தது தானே, பொய் இல்லைத் தானே. கரடி அடிச்சது." பிறகு, "பிள்ளை, நான் உள்ள போனா உங்களை ஆர் பாக்கிறது?" அங்கிள் வேகத்தைக் கூட்டினார்.

எங்களைப் போன்ற வீடுகளில் பிள்ளைகள்தான் பெற்றோரின் வாய். வாடகை வீட்டுக்காரனிடமும் வைத்தியரிடமும் நான்தான் பேசுவேன். பள்ளிக்கூடத்திலிருந்து என்னைப் பற்றியே வரும் முறைப்பாட்டைக்கூட நான்தான் பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு மாற்றிச் சொல்வேன். ஏழு வயதில் தொடங்கிய பழக்கம். வழியில் வந்த ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் தாதி, "என்ன நடந்தது?" என்று கேட்டாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தமிழில், "கரடி" என்றார். நான் பிரெஞ்சில் கரடி என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் செய்தது. எப்படி அடித்தது என்று கேட்டாள். அப்பா, "கையால" என்றார். நான் அதோடு நிற்கவில்லை. பின்னங்காலில் எழும்பி நின்றது, வலது கையை வீசியது, அண்ணா என்னைக் காப்பாற்ற முன்னுக்கு வந்தான் என்றேன். அப்பா சொல்லாததையும் சேர்த்தேன். தாதி என் தோளைத் தொட்டு, பாவம் என்றாள். இது என் மூன்றாம் பிழை. இதைத் திருத்த எனக்கு நாளை ஒரு காலைதான் இருக்கிறது.

அன்று இரவே அண்ணாவை அம்புலன்ஸில் மொன்றியலுக்குக் கொண்டுவந்தார்கள். மண்டையோட்டைத் திறந்து இரத்தத்தை எடுத்தார்கள். கண் திறக்கிறான், கதைக்கவில்லை. இங்கே உள்ள டாக்டர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: கரடி அடித்தால் நகக்கோடு இருக்கும், இதில் ஒரு கோடுகூட இல்லை. நான் நிலத்தைப் பார்த்தேன். திங்கட்கிழமை வனத்துறையிலிருந்து போன் வந்தது. நான் சொன்ன அடையாளத்தை வைத்து ஏரிக்குப் போய், பாறை வெடிப்பில் தின்றுகொண்டு நின்ற கரடியைச் சுட்டுவிட்டார்களாம். பெண் கரடி. நான் அதையும் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். "பாத்தியே, முடிஞ்சுது" என்று அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அன்ரன் அங்கிளிடம் ஆஸ்பத்திரி வாசலில், "நீங்கள் சொல்லுங்கோ அங்கிள்" என்று கெஞ்சினேன். "நான் தண்ணி அள்ளிக்கொண்டு நிண்டனான் பிள்ளை. நான் ஒண்டும் காணேல்லை" என்றார். அவருடைய சட்டைக் கையில் அண்ணாவின் இரத்தம் அப்படியே காய்ந்திருந்தது. அம்மா என்னிடம் ஒரு முறைதான் கேட்டாள். "கரடிதானே பிள்ளை?" நான் ஓம் என்றேன். அவள் என் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். "சரி. நீ ஓம் எண்டால் ஓம்" என்று சொல்லிவிட்டு அண்ணாவின் காலைத் தேய்க்கப் போய்விட்டாள்.

மகனே, உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வயது போதாது. ஆனாலும் உன் அம்மாவாக ஒன்றிரண்டு சொல்லிவைக்கிறேன். காட்டுக்குப் போ. வேலியும் இலக்கமும் இல்லாத இடத்தில் படுத்துப் பார். படுக்கிற இடத்தில் சமைக்காதே, உணவை உயரக் கட்டு, மிச்சத்தைத் தூரக் கொண்டுபோய்ப் புதை. அண்ணா சொன்னதெல்லாம் சரி. ஆனால் ஒருவரோடு அங்கே போகுமுன், அவருக்குக் கோபம் வந்தபோது பூட்டிய வீட்டுக்குள் என்ன செய்தார் என்று யோசித்துப் பார். யாராவது உனக்காகக் கோப்பையைக் கீழே போட்டால், அதை அவன் கவனக்குறைவு என்று நினைக்காதே. உன்னைப் பெருமைப்படுத்தி ஒருவர் தலையைத் தடவும்போது, பக்கத்தில் யார் தலை குனிந்து நிற்கிறார்கள் என்று பார். எனக்கு ஒரு நாள் கோபம் வந்து உன்மேல் கை ஓங்கினேனென்றால், நீ இந்தக் கடதாசியை எடுத்து என் முகத்துக்கு முன் பிடி. அப்போது மட்டும் காட்டலாம். எனக்கு மட்டும்.

அண்ணா தேறினால் அவனை இந்த வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள். கரடி காட்டில் செத்துக் கிடக்கிறது, வீட்டில் என்ன பயம் என்று நினைத்து அனுப்புவார்கள். அதைத் தடுக்க என்னைவிட்டால் ஒருவரும் இல்லை. நாளை கேள்வி கேட்கப்போகிற அந்தப் பெண் இன்று என்னிடம் சொன்னாள்: "நாளைக்கு நீ ஒருவருக்கும் மொழிபெயர்க்க வேண்டாம். உன்னுடையதை மட்டும் சொல்." அப்பா பக்கத்தில் நின்று, "என்ன சொல்லுறாள்?" என்று கேட்டார். முதல் முறையாக நான் அவருக்கு மாற்றிச் சொல்லவில்லை. "ஒண்டுமில்லை அப்பா" என்றேன். அதன் பிறகு அவர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நாளை சொல்ல வேண்டியதை இங்கே எழுதிப் பழகுகிறேன். என் அண்ணாவைக் கரடி தொடவில்லை. என் அப்பா கோடாலியால் அடித்தார். நான் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தேன். அவனை அந்த வீட்டுக்கு அனுப்பாதீர்கள். எழுதிவிட்டேன், மகனே. நாலு வசனம். எழுத முடிந்ததைச் சொல்லவும் முடியும். சொல்லுவேன். அப்பா என்னைப் பார்த்து அழுதாலும் சொல்லு

ரீவி வெளிச்சம் கதவடியில் இல்லை. நடை கேட்கிறது. கதவைத் தட்டுகிறார். இந்த வீட்டில் அவர் ஒருநாளும் கதவு தட்டியதில்லை, நேரே திறந்துகொண்டு வருவார். இன்று தட்டுகிறார். "பிள்ளை, நித்திரையே?" என்கிறார். "கதவைத் திற. உன்னட்டை ஒண்டு கேக்கவேணும்." மெல்லிய குரல். மகனே, அவர் அழுகிறாரா, கையில் ஏதும் வைத்திருக்கிறாரா, எனக்கு